உரக்கடை உப்பும் நகைத் தராசும்: இணை சேராத எலக்ட்ரானை எடையில் பார்ப்பது

பள்ளி வேதியியல் ஆய்வக அலமாரியில் இரண்டு பாட்டில்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று வெளிர்பச்சை மோர் உப்பு, அதாவது ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட். இன்னொன்று எலுமிச்சை மஞ்சளில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. இரண்டிலும் இருப்பது இரும்புதான், அதுவும் இரண்டிலும் +2 நிலையில். ஆனால் வலுவான நியோடிமியம் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மோர் உப்பு காந்தத்தை இழுக்கிறது, ஃபெர்ரோசயனைடு மெல்லத் தள்ளுகிறது. இரும்பு இருந்தால் காந்தம் பிடிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மோர் உப்பின் இரும்பு அயனியில் இணை சேராத எலக்ட்ரான் நான்கு, ஃபெர்ரோசயனைடில் ஒன்றுகூடக் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மில்லிகிராம் காட்டும் நகைத் தராசில் பார்க்கலாம். வேண்டிய உப்புகளில் பெரும்பாலானவை, தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று டெல்டாவின் எந்த ஊர் உரக்கடையிலும் கிடைக்கும்: ஜிங்க் சல்பேட், மாங்கனீசு சல்பேட், ஃபெர்ரஸ் சல்பேட், காப்பர் சல்பேட். கடைசி இரண்டும் அன்னபேதி, மயில்துத்தம் என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடையிலும் உண்டு. மோர் உப்பும் ஃபெர்ரோசயனைடும் பள்ளி ஆய்வகத்திலிருந்து வர வேண்டும்.

எதை எண்ணப் போகிறோம்

இந்த உலோக அயனிகளின் வெளிக்கூட்டில் இருப்பவை 3டி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் அமரும் இடங்கள், மொத்தம் ஐந்து. நாச்சியார்கோவில் ஐந்துமுகக் குத்துவிளக்கில் முதலில் முகத்துக்கு ஒரு திரி வைத்து, மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் திரி வைப்பது போல, எலக்ட்ரான்களும் ஆர்பிட்டாலுக்கு ஒன்றாக, ஒரே திசைச் சுழற்சியோடு அமர்ந்த பிறகே இணை சேரத் தொடங்கும். ஹுண்ட் விதி சொல்வது இதைத்தான். மாங்கனீசு +2 அயனியில் ஐந்து டி எலக்ட்ரான், ஐந்தும் தனி. இரும்பு +2 அயனியில் ஆறு, ஓர் இணை போக நான்கு தனி. காப்பர் +2 அயனியில் ஒன்பது, நான்கு இணை போக ஒன்று தனி. துத்தநாகம் +2 அயனியில் பத்து, எல்லாமே இணை.

இணையில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சியும் எதிரெதிர். அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். தனியாக நிற்பது மட்டும் குட்டிக் காந்தமாக மிஞ்சும். அயனியின் காந்தத் திருப்புத்திறனைப் போர் மேக்னெட்டான் அலகில் கணக்கிட, இணை சேராத எண்ணிக்கையை அதைவிட 2 கூடுதலான எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83, மூன்றுக்கு 3.87, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92. பிளஸ் டூ மாணவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள்தாம் இவை. தராசு சொல்லியும் ஒருமுறை கேட்டுவிடலாம்.

தனி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாத பொருளும் காந்தப் புலத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. புலம் பட்டதும் எலக்ட்ரான்களின் ஓட்டம் எதிர்த் திசையில் சற்றே மாறி, பொருள் லேசாக விலக்கப்படும். இது டயா காந்தம். எல்லாப் பொருளிலும் இது உண்டு. தனி எலக்ட்ரானின் இழுப்பு (இது பாரா காந்தம்) பெரிதாக இருக்கும் இடத்தில் அதற்கடியில் மறைந்துவிடும். தண்ணீர், துத்தநாக உப்பு, ஃபெர்ரோசயனைடு போன்றவற்றில் வெளியே தெரியும்.

ஃபெர்ரோசயனைடில் என்ன நடக்கிறது? இரும்பைச் சுற்றி நிற்கும் ஆறு சயனைடுகள் ஐந்து ஆர்பிட்டாலையும் மூன்று தாழ்ந்தது, இரண்டு உயர்ந்தது என்று வெகுதூரம் பிரித்துவிடுகின்றன. மேலே ஏறுவதைவிட இணை சேர்வதே மலிவு. ஆறு எலக்ட்ரானும் கீழ் மூன்றில் இணையாக அடங்கிவிடும். மோர் உப்பில் இரும்பைச் சுற்றி நிற்பது தண்ணீர். அதன் பிடி தளர்ந்தது, இடைவெளி சிறியது, அதனால் நான்கு எலக்ட்ரான் தனியாகவே நிற்கின்றன.

தராசு கட்டுவது

பிரெஞ்சுக்காரர் லூயி ஜார்ஜ் கூயி 1889-இல் சொன்ன முறையில், மாதிரிக் குழாயைத் தராசில் தொங்கவிட்டு, அடியில் பெரிய காந்தத்தின் துருவங்களை நிலையாக வைப்பார்கள். இங்கே அதைத் தலைகீழாக்குகிறோம். காந்தம் தராசுத் தட்டில், மாதிரி மேலே நிலையாக. மாதிரி காந்தத்தை மேலே இழுத்தால் எடை குறையும், தள்ளினால் கூடும். விசை இரு பக்கமும் ஒன்றே என்பதால் அளவில் வித்தியாசம் இல்லை.

தராசு 50 கிராம் வரை தாங்கி 0.001 கிராம் காட்ட வேண்டும். நகைக்கடையில் பயன்படும் 0.01 கிராம் தராசு மாங்கனீசுக்கும் இரும்புக்கும் போதும். காப்பரில் இரண்டு மூன்று இலக்கப்படிதான் நகரும், துத்தநாகத்தில் அசையவே அசையாது. காந்தம் 20 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. உயரமும் உள்ள நியோடிமியம் வட்டு, என்35 தரம் போதும். எடை 24 கிராமை ஒட்டி வரும். பெரிய காந்தம் வாங்கும் ஆசை வேண்டாம். தராசின் தாங்குதிறனைத் தாண்டிவிடும், கைக்கும் ஆபத்து.

காந்தத்தை நேராகத் தட்டில் வைத்தால், தராசுக்குள் இருக்கும் எஃகுத் திருகுகளும் மின்கல முனைகளும் இழுத்து அளவு தடுமாறும். அதனால் 10 செ.மீ. உயரத் தெர்மகோல் கட்டை ஒன்றைத் தட்டில் நிறுத்தி அதன் தலையில் காந்தத்தை ஒட்ட வேண்டும். ஃபெவிகால் அல்லது இருபக்க டேப் நல்லது. ஃபெவிக்விக் வகைப் பசை தெர்மகோலை அரித்துக் குழியாக்கிவிடும், காந்தம் சாய்ந்து உட்காரும். வறண்ட வெயில் நாளில் தெர்மகோலில் நிலைமின்சாரம் ஏறி எடை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். கட்டையைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, ஈரத்துணியால் ஒருமுறை தடவினால் அடங்கும்.

மாதிரிக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் புழங்கும் 12 × 75 மி.மீ. கண்ணாடிக் குழாய். உள்விட்டம் 10 மி.மீ. அளவில் இருக்கும். ஒரே குழாயைக் கழுவிக் காயவைத்து எல்லா உப்புக்கும் பயன்படுத்த வேண்டும். குழாய் மாறினால் அடிக்கண்ணாடியின் கனம் மாறும், கணக்கும் கெடும்.

தராசுக்கு மேலே பாலம் போல ஒரு மரச்சட்டம்: இரண்டு கால், மேலே 12 மி.மீ. பிளைவுட், நடுவில் காந்தத்தின் மையத்துக்கு நேராக 12.5 மி.மீ. துளை. குழாயின் மேற்பகுதியில் ஒரு பி.வி.சி. வளையத்தைப் பொருத்தினால், துளையில் இறக்கும்போது வளையம் பலகையில் தட்டி நிற்கும். குழாயின் அடிக்கும் காந்தத்துக்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் அதேயாக இருக்கும். ரப்பர் வளையம் போட்டால் மெல்ல வழுக்கும். பி.வி.சி. வளையத்தை அரால்டைட் வைத்து ஒட்டிவிடுவதே சரி. சட்டத்தில் இரும்பு ஆணி கூடாது. பித்தளைத் திருகோ மூங்கில் ஆப்போ போதும். சட்டம் ஆடாமலிருக்கப் பாரம் வைக்க வேண்டுமானால் பழைய பித்தளைப் பாத்திரத் துண்டு வைக்கலாம், கும்பகோணம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. எவர்சில்வர் டம்ளரை வைக்காதீர்கள். இழுத்து வளைத்த விளிம்பில் அதன் உட்கட்டமைப்பு மாறி, காந்தம் நன்றாகவே பிடிக்கும்.

இடைவெளியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான அளவீடுகள் கெடுவது இங்கேதான். இந்த அளவு காந்தத்தில் புலம் மேற்பரப்பில் சுமார் 0.42 டெஸ்லா, 2 மி.மீ. உயரத்தில் 0.34, 3 மி.மீ. உயரத்தில் 0.30. விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 2 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 3 ஆனால் விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இடைவெளியை வைக்க மெக்கானிக் கடை ஃபீலர் கேஜ் உதவாது, அது எஃகு, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ. அதில் இரண்டு துண்டு வெட்டி அடுக்கிக் காந்தத்தின்மேல் வைத்து, குழாய் அவற்றைத் தொடும்படி வளையத்தை ஒட்டிவிட்டு, பசை இறுகியபின் துண்டுகளை உருவிவிடுங்கள். கண்ணாடியின் கனத்தையும் சேர்த்தால் பொடியின் அடி காந்தத்திலிருந்து 2 மி.மீ.க்குச் சற்று மேலே நிற்கும்.

பொடி செய்வதும் நிரப்புவதும்

உப்பைக் கட்டாயம் நைசாக அரைக்க வேண்டும். பெரிய படிகமாகப் போட்டால், எந்தப் பக்கம் காந்தத்தைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து இழுப்பு மாறும். இந்தத் திசை வேறுபாட்டை 1930களில் துல்லியமாக அளந்தவர் விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் ஆராய்ந்த படிகங்களில் மயில்துத்தமும் ஒன்று. பொடியாக்கினால் எல்லாத் திசையும் கலந்து சராசரி கிடைக்கும்.

அரைக்கப் பீங்கான் உரல் மட்டுமே. இரும்பு உலக்கை கூடாது என்பது எல்லோருக்கும் தோன்றும். அம்மியும் கல்லுரலும் கூடாது என்பதுதான் தோன்றாது. கருங்கல்லில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தின் துகள் இருக்கும். ஒரு மில்லிகிராம் மேக்னடைட் குழாயின் அடியில் சிக்கினால் 300 மில்லிகிராமுக்கு மேல் இழுப்பு காட்டும். இது குழாய் நிறைய மாங்கனீசு சல்பேட் காட்டும் இழுப்புக்குச் சமம். பத்தில் ஒரு மில்லிகிராம் சிக்கினாலே போதும், காப்பர் அளவீடு முழுவதும் பொய். காவிரி மணலிலும் கருப்பு வரிவரியாகக் கிடப்பதில் இதே கனிமம் உண்டு, ஆகவே மணல் பட்ட மேசையில் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். அரைத்த பொடியில் பிளாஸ்டிக் உறை போட்ட காந்தத்தை விட்டுத் துழாவி எடுங்கள். மயிர்க்கூச்செறிந்தது போலச் சில துகள்கள் குத்திட்டு நின்றால் அது கலப்படம். பாரா காந்த உப்பு அப்படி நிற்காது.

குழாயில் 4 செ.மீ. உயரத்துக்குக் கோடு போட்டு அதுவரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. பொடிக்குள் 3 செ.மீ. ஏறும்போதே புலத்தின் வர்க்கம் அடியில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மாறாக, மொத்த இழுப்பில் பாதிக்கு மேல் அடியிலிருக்கும் 3 மி.மீ. பொடியே தருகிறது. அதனால் அடி நெகிழ்ந்து மேல் இறுகியிருந்தால் எடை சரியாக இருந்தும் விடை தவறும். நான்கு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் மடித்த துண்டின்மேல் குழாயை இருபது தட்டு தட்டுங்கள். கொட்டி மறுபடி நிரப்பி அளந்தால் இரண்டு முடிவுக்கும் 3 சதவீதத்துக்குள் வித்தியாசம் வர வேண்டும். கூடினால் பொடி இன்னும் நைசாகவில்லை, அல்லது ஈரம் ஏறிக் கட்டி பிடித்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் இந்த இரண்டாவது தொல்லை அதிகம்.

அளப்பது

மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தராசைச் சுற்றி அட்டைப்பெட்டித் தடுப்பு வைக்க வேண்டும். ஆடிக்காற்றில் திறந்த திண்ணையில் மூன்றாம் தசமம் நிற்கவே நிற்காது. மேசை மரமாக இருக்கட்டும். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, செல்பேசி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி.

தராசைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, குழாய் துளையில் இல்லாமல் பூச்சியம் வைக்கவும். முதலில் காலிக் குழாயை இறக்கி அளவு எடுக்க வேண்டும். கண்ணாடி டயா காந்தம் என்பதால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிகிராம் கூடும். பச்சை சாயல் அடிக்கும் கண்ணாடியானால் அதிலுள்ள இரும்பு காரணமாகக் குறையக்கூடும். எது வந்தாலும் அதைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். பிறகு நிரப்பிய குழாய். இறக்கி, எண் நின்றதும் குறித்து, வெளியே எடுத்து, பூச்சியம் திரும்புகிறதா என்று பார்த்து, மறுபடி இறக்கி, இப்படி ஐந்து முறை எடுத்துச் சராசரி. பூச்சியம் திரும்பாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள், தராசு நகர்ந்துகொண்டிருக்கிறது.

தராசுக்கு அளவுகோல் மோர் உப்புதான். இதன் ஒரு கிராம் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப் புலத்துக்கு எவ்வளவு வலுவாகப் பதில் சொல்கிறது என்ற அளவு, நன்கு அறியப்பட்டது. கெல்வின் வெப்பநிலையோடு 1 கூட்டி 9500-ஐ அதனால் வகுத்தால், பழைய சி.ஜி.எஸ். அலகில் 10⁻⁶ மடங்காகக் கிடைக்கும். 30 டிகிரி செல்சியஸில், அதாவது 303 கெல்வினில், 31.25 × 10⁻⁶. பாட்டில் பழசாகிப் பழுப்பேறியிருந்தால் அளவுகோலாக வைக்கக் கூடாது. இரும்பு +3 ஆக மாறத் தொடங்கிவிட்டது, அதில் தனி எலக்ட்ரான் ஐந்து.

கணக்கு இப்படிப் போகும். மோர் உப்பு 3.20 கிராம் பிடித்து, எடை 118 மில்லிகிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 31.25-ஐ 3.20-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் 0.8475. இது உங்கள் தராசின் மாறிலி. அடுத்து அதே குழாயில் அதே கோடு வரை மயில்துத்தம் 3.60 கிராம், குறைந்தது 24 மில்லிகிராம். 0.8475 × 24 ÷ 3.60 = 5.65, அதாவது கிராமுக்கு 5.65 × 10⁻⁶. ஐந்து நீர் மூலக்கூறோடு காப்பர் சல்பேட்டின் மோலார் நிறை 249.7. பெருக்கினால் மோலுக்கு 1411 × 10⁻⁶. சல்பேட்டும் தண்ணீரும் காப்பரின் உள்கூட்டு எலக்ட்ரான்களும் எதிர்ப்பக்கம் தள்ளுவதைச் சரிக்கட்ட 117 கூட்டினால் 1528. இதை வெப்பநிலை 303-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 2.828-ஆல் பெருக்குங்கள். 1.92 போர் மேக்னெட்டான் வரும்.

ஒரு தனி எலக்ட்ரானுக்கு 1.73 வர வேண்டுமே, ஏன் 1.92? அளவில் பிழை இல்லை. காப்பர் +2 உப்புகளில் 1.8 முதல் 2.2 வரை வருவது வழக்கம். 1.73 என்பது சுழற்சியை மட்டும் கணக்கில் கொண்டது. எலக்ட்ரானின் சுற்றுப்பாதை இயக்கமும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. உப்பில் சுற்றி நிற்கும் மூலக்கூறுகள் அந்தப் பங்கைப் பெரும்பாலும் முடக்கிவிடுகின்றன, முழுவதும் அல்ல. மோர் உப்பிலும் இதே கதை. நான்கு தனி எலக்ட்ரானுக்கு 4.90 என்று சூத்திரம் சொன்னாலும் உண்மையில் 5.4-க்கு மேல் இருக்கும். மாங்கனீசு +2 மட்டும் விலக்கு. ஐந்து ஆர்பிட்டாலிலும் ஒவ்வொன்று சீராக இருப்பதால் சுற்றுப்பாதைப் பங்கே இல்லை, 5.92-ஐ ஒட்டியே வரும். ஒரு நீர் மூலக்கூறு உள்ள மாங்கனீசு சல்பேட் 3.40 கிராம் போட்டால் மேற்சொன்ன மாறிலியில் 326 மில்லிகிராம் வரை குறைய வேண்டும். மூட்டை உப்பில் இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் ஈரமோ கலப்போ இருக்கிறது.

வெப்பநிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பாரா காந்த ஏற்புத்திறன் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும். மார்கழிக் காலையில் 22 டிகிரியும் சித்திரை மதியம் 36 டிகிரியும் என்றால் கிட்டத்தட்ட 5 சதவீத வித்தியாசம். போதாததற்கு நியோடிமியம் காந்தமே டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் வலு இழக்கும், விசையில் அது இரட்டிப்பாகும். எந்த நாள் அளந்தாலும் அன்றைக்கே மோர் உப்பையும் அளந்துவிட்டால் இரண்டும் தீர்ந்தது.

ஜிங்க் சல்பேட் இழுத்தால்

ஏக்கருக்கு 10 கிலோ என்று நடவுக்கு முன் வயலில் போடும் அதே ஜிங்க் சல்பேட்டை இந்தத் தராசில் வைப்பதுதான் இந்த வேலையிலேயே சுவையான பகுதி. ஏழு நீர் மூலக்கூறு உள்ள தூய உப்பில் கிராமுக்கு −0.48 × 10⁻⁶. குழாய் நிறையப் போட்டால் எடை 2 மில்லிகிராம் அளவுக்குக் கூட வேண்டும். தண்ணீர் நிரப்பினால் 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். முதலில் தண்ணீரை அளந்து, தள்ளுவது தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு பிறகு துத்தநாகத்துக்குப் போவது நல்லது.

உர மூட்டையில் எடுத்த ஜிங்க் சல்பேட்டில் பல நேரம் எடை கூடாது, குறையும். துத்தநாகம் பாரா காந்தமாகிவிடவில்லை. கூடவே கொஞ்சம் இரும்பு வந்திருக்கிறது. இரும்பு +2 அயனியின் இழுப்பை அதிலுள்ள இரும்பின் கிராமுக்குக் கணக்கிட்டால் சுமார் 200 × 10⁻⁶ வருகிறது. 0.48-ஐ அதனால் வகுத்துப் பார்த்தால், எடையில் 0.24 சதவீத இரும்பு போதும், துத்தநாக உப்பின் தள்ளல் முழுவதும் அழிந்துவிடும். அரை சதவீதம் இருந்தால் தூய உப்பு தள்ளும் அளவுக்கே இது இழுக்கும். வேதிச் சோதனை வேண்டுமென்றால் கரைசலில் ஒரு சொட்டு ஃபெர்ரோசயனைடு விடுங்கள். துத்தநாகம் மட்டும் என்றால் வெள்ளை வீழ்படிவு, இரும்பும் இருந்தால் நீலம் ஓடும்.

ஆனால் இந்தத் தராசை வைத்து ஜிங்க் சல்பேட் கலப்படத்தைப் பிடித்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதில் வழக்கமாகக் கலப்பது மக்னீசியம் சல்பேட். மக்னீசியத்திலும் தனி எலக்ட்ரான் கிடையாது, அதுவும் தள்ளத்தான் செய்யும். அதற்கு வயல்காரர்கள் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை வைத்துச் செய்யும் சோதனைதான் சரி. டி.ஏ.பி. கரைசலில் ஜிங்க் சல்பேட் கரைசலை ஊற்றினால் கட்டியாகத் திரியும், மக்னீசியம் சல்பேட் அப்படித் திரியாது.

வகுப்பில் காட்ட இன்னொரு அழகான வழி, இழுப்பும் தள்ளலும் சரிசமமாக நிற்கும் கரைசல். தண்ணீரின் தள்ளலை ஈடுகட்ட லிட்டருக்கு மாங்கனீசு சல்பேட் சுமார் 9 கிராம் போதும். மயில்துத்தம் என்றால் 127 கிராம் வேண்டும். தனி எலக்ட்ரான் ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வாளியில் கரைத்த உப்பின் கனத்திலேயே பார்க்கலாம். கரைசலில் பொடி நிரப்பும் தொல்லையும் இல்லை. குழாயின் உட்சுவரில் காற்றுக்குமிழி ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறிலும் இரண்டு தனி எலக்ட்ரான் உண்டு. அதனால் தண்ணீர் போன்ற மெல்லிய தள்ளலை அளக்கும்போது காற்றை இடம்பெயர்த்ததற்கே 4 சதவீதம் கணக்கு மாறும்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

அன்னபேதி காற்றில் இருந்தால் பழுப்பேறும், உலர்ந்தால் நீரை இழந்து வெளுக்கும். முதலாவதில் இரும்பு +3 ஆகித் தனி எலக்ட்ரான் கூடுகிறது, இரண்டாவதில் ஒரு கிராமுக்குள் இரும்பின் பங்கு கூடுகிறது. இரண்டிலும் எண் மேலே போகும், காரணம் வேறு. நல்ல பச்சைப் படிகமாகப் பொறுக்கி, அரைத்த அன்றே அளந்துவிடுங்கள்.

மேக்னடைட் தூசி போன்ற ஃபெர்ரோ காந்தக் கலப்பு, அதாவது இரும்பைப் போல வலுவாக ஒட்டும் கலப்பு, இருக்குமோ என்ற ஐயம் வந்தால் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் 4 மி.மீ. பிளாஸ்டிக் வட்டு ஒன்றைச் சேர்த்து, மோர் உப்பையும் மாதிரியையும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். தூய பாரா காந்த உப்பானால் மோர் உப்புக்கும் அதற்கும் உள்ள விகிதம் மாறாது. கலப்பு இருந்தால், தூரத்தில் அளக்கும்போது மாதிரியின் ஏற்புத்திறன் கூடியது போலத் தெரியும். ஃபெர்ரோ காந்தத் துகள் சிறிய புலத்திலேயே நிறைவடைந்துவிடுவதால் அதன் இழுப்பு புலத்தோடு சேர்ந்து வேகமாகக் குறைவதில்லை. வயல் மண்ணை இந்தக் குழாயில் போட்டு இரும்புச் சத்து அளக்க முடியாததற்கும் இதுவே காரணம். மண்ணில் உள்ள மேக்னடைட் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஆக்சைடுகளில் சூத்திரம் கைவிடும். பழைய டார்ச் செல்லிலிருந்து எடுக்கும் மாங்கனீசு டை ஆக்சைடில் +4 அயனி, தனி எலக்ட்ரான் மூன்று, 3.87 வர வேண்டும். அறை வெப்பநிலையில் கிடைப்பதோ 2.3 சுற்றி. அயனிகள் ஆக்சிஜன் வழியாக ஒன்றையொன்று எதிர்த்திசையில் பிடித்துக்கொள்வதால் ஒரு பகுதி அழிந்துபோகிறது. சல்பேட் உப்புகளில் தண்ணீர் நடுவில் நின்று அயனிகளைத் தள்ளி வைத்திருப்பதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. தொடக்கத்துக்குச் சல்பேட்டுகளையே சொன்னதும் அதனால்தான்.

உலோகத் துண்டிலும் அணுவின் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது. தனிக் காப்பர் அணுவில் வெளியே ஒரு தனி எலக்ட்ரான் உண்டு. ஆனால் செம்புச் சொம்பை வெட்டிப் போட்டால் தள்ளும், இழுக்காது. உலோகத்தில் அந்த எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் பொதுவில் திரிகிறது. அங்கே எண்ணும் முறையே வேறு. வெள்ளியும் அப்படித்தான். 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளியை ஆவியாக்கி, அணு அணுவாகப் பறக்கவிட்டதால்தான் கற்றை காந்தத்தில் இரண்டாகப் பிரிந்தது.

முடித்தபின்: ஃபெர்ரோசயனைடு இருந்த குழாயில் அமிலம் ஊற்றிக் கழுவக்கூடாது, வலுவான அமிலத்தில் சூடேறினால் நச்சு வாயு வரும், தண்ணீர் மட்டும் போதும். மயில்துத்தக் கழுவுநீரை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டக்கூடாது, மீனுக்கு நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துச் சுண்ணாம்பு போட்டு, நீலம் அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் இறுத்துவிட்டுப் படிவைக் காயவைத்து எடுத்து வையுங்கள். காந்தத்தைத் தெர்மகோல் கட்டையோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், கத்தி, கத்தரி இல்லாத இழுப்பறையில் வைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.